வரி பூச்சியம்தான், பிறகு ஏன் நட்டம்?

திருகோணமலையில் உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருக்கிறார்: "சேர், பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சுங்க வரி பூச்சியம் என்று படித்தேன். அப்படியானால் பிரித்தானியா ஒன்றியத்தைவிட்டு விலகியதால் நட்டம் என்று ஏன் சொல்கிறார்கள்? எங்கள் பெரியம்மா குடும்பம் நெதர்லாந்தில் இருக்கிறது. லண்டனுக்கு மாறிப்போக இருந்தவர்கள் இப்போது முடியாது என்கிறார்கள். அதுவும் இதனாலா? இங்கே இருக்கும் நமக்கு இதனால் ஏதும் உண்டா?"

மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும், பிள்ளை. சரக்குக்கு நடந்ததும் உங்கள் பெரியம்மா வீட்டுக்கு நடந்ததும் ஒரே காரணத்தால் நடந்தவை. ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் எல்லையில் யாரும் "என்ன ஆவணம் வைத்திருக்கிறாய்?" என்று சரக்கைக் கேட்கவில்லை, குடியேற வந்த ஐரோப்பியரையும் கடவுச்சீட்டுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. விலகிய பிறகு இருவரையும் கேட்கிறார்கள். வரியைக் கணக்கிட வகுப்பில் பழகுகிறோம். இந்தக் கேள்விக்கு என்ன விலை என்று கணக்கிடப் பழகுவதில்லை. வகுப்பெடுக்க வருமுன் ஏற்றுமதி ஆவணங்களோடு வேலை செய்தவன் என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் காலவரிசை. பிரித்தானியா 1973 ஜனவரி 1 அன்று அப்போதைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 2016 ஜூன் 23 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகவும் 48.1 சதவீதத்தினர் தொடரவும் வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று நாடு விலகியது. அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே இருந்தன. 2021 ஜனவரி 1இலிருந்துதான் உண்மையான மாற்றம் தொடங்கியது.

இடையில் ஏன் இத்தனை ஆண்டு? வாக்குச்சீட்டில் "இருப்பதா, விலகுவதா" என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். விலகி எங்கே போவது என்று கேட்கவில்லை. நோர்வே ஒன்றியத்தில் உறுப்பு நாடு அல்ல, ஆனால் ஒற்றைச் சந்தைக்குள், அதாவது பொருளும் ஆட்களும் ஒரே விதிகளின் கீழ் போய்வரும் வட்டத்துக்குள் இருக்கிறது. துருக்கிக்குச் சுங்க ஒன்றியம் மட்டும் உண்டு: உள்ளே சுங்க வரி இல்லை, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி. கனடாவுக்கு ஒரு வர்த்தக ஒப்பந்தம் மட்டும் உண்டு. இவற்றில் எது வேண்டும் என்ற சண்டையில்தான் பிரித்தானிய அரசியல் சிதறியது. வாக்கெடுப்பு முடிந்ததும் பிரதமர் டேவிட் கமரூன் பதவி விலகினார். அடுத்த பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்ற வாக்குகளால் நாடாளுமன்றத்தில் தோற்றது. கடைசியில் அவருக்குப் பின் வந்த பொரிஸ் ஜோன்சன் ஒற்றைச் சந்தையும் வேண்டாம், சுங்க ஒன்றியமும் வேண்டாம் என்று மிகத் தூரமான வழியைத் தெரிவுசெய்தார். விளைவுகளைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. இன்று நாம் காண்பவற்றில் பெரும்பகுதி "விலகியதன்" விளைவு என்பதைவிட, "இப்படி விலகியதன்" விளைவு என்பதே சரி.

இப்போது உங்கள் பூச்சியத்துக்கு வருவோம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சியம் தானாகக் கிடைப்பதில்லை. பொருள் பிரித்தானியாவில் உருவானது என்று நிரூபித்தால்தான் கிடைக்கும். அதோடு, வரி இல்லை என்பதற்காகச் சுங்கப் பிரகடனம் இல்லாமல் போவதில்லை. இறைச்சி, மீன், பால் பொருள் என்றால் மிருக வைத்தியர் போன்ற தகுதியுள்ள ஒருவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒற்றைச் சந்தைக்குள் இருந்தபோது இவை எதுவும் தேவைப்படவில்லை. கிளாஸ்கோவிலிருந்து பாரிசுக்கு மீன் அனுப்புவது, கொட்பேயிலிருந்து தம்புள்ளைக்கு லொறி அனுப்புவது போலத்தான் இருந்தது.

2021 ஜனவரியில் ஸ்கொட்லாந்து மீன்காரர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். இறாலும் நண்டும் இரவில் ஏறி, மறுநாளே பிரான்சின் சந்தையில் இருக்க வேண்டும். அப்படித்தான் அவர்களுடைய முழுத் தொழிலும் அமைந்திருந்தது. சிறு ஏற்றுமதியாளர்கள் தனி லொறி பிடிக்க வசதியில்லாமல் பலர் சேர்ந்து ஒரே லொறியில் அனுப்புவார்கள். புத்தாண்டு பிறந்ததும் அந்த லொறியில் இருக்கும் ஒவ்வொருவருடைய பெட்டிக்கும் தனித்தனி ஆவணம் தேவைப்பட்டது. ஒருவருடைய படிவத்தில் பிழை இருந்தால் லொறி முழுவதும் நின்றது. கூட்டாக ஏற்றும் சேவையைப் போக்குவரத்து நிறுவனங்கள் சில காலம் நிறுத்தியே விட்டன. மீனின் விலை உள்ளூரில் விழுந்தது. சில படகுகள் சொந்தத் துறைமுகத்துக்கு வராமல் நேரே டென்மார்க்குக்குப் போய் மீனை இறக்கின. ஜனவரி 18 அன்று கடலுணவு லொறிகள் லண்டன் நடுவில், அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் வீதியில் வந்து நின்றன. அரசாங்கம் 2 கோடியே 30 இலட்சம் பவுண் நட்டஈட்டு நிதி அறிவித்தது. அந்த மாதத்தில் மீனுக்கு விதிக்கப்பட்ட வரி? பூச்சியம்.

வேல்ஸ் மட்டிக்காரர்களின் கதை இன்னும் கடுமையானது. சுத்திகரிக்காத உயிருள்ள மட்டியை ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகள் அனுப்பக் கூடாது என்று ஒரு விதி. அது பிரித்தானியாவைத் தண்டிக்கப் புதிதாக எழுதியதன்று. பிரித்தானியா உள்ளே இருந்த காலத்திலேயே நடைமுறையில் இருந்தது. வெளியே போனதும் "வெளி நாடுகள்" என்ற சொல்லுக்குள் பிரித்தானியாவும் வந்துவிட்டது. வேலி அதே இடத்தில்தான் இருந்தது. அவர்கள்தான் மறுபக்கம் போனார்கள்.

நம் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் கடற்றொழிலுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மீன்பிடி தடை என்று எல்லா நாளும் யாரும் சொல்லவில்லை. பாஸ் காட்டு, பெயர் பதி, இத்தனை மணிக்குப் போ, இத்தனை மணிக்குள் திரும்பு என்றார்கள். அதிலேயே எத்தனையோ பேர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு தொழிலுக்குப் போனார்கள். முழுத் தடை செய்யும் வேலையில் பாதியை நேரமும் ஆவணமுமே செய்துவிடும். அந்தப் பாதி முதலில் சிறியவர்கள் மேல்தான் விழும். பெரிய நிறுவனம் ஆவணத்துக்கென்று பத்துப் பேரை வைத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு பெட்டி அனுப்புபவர் அனுப்புவதை விட்டுவிடுவார். லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீடும் இதையே சொல்கிறது: சுமார் 16,000 பிரித்தானிய நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டன. பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடித்துவிட்டன.

நாடு முழுவதற்குமான கணக்கு வேண்டுமென்றால், பிரித்தானிய அரசின் வரவுசெலவுத் திட்டத்தைச் சுயாதீனமாக ஆராயும் அலுவலகத்தின் மதிப்பீட்டைப் பரீட்சையில் எழுதலாம். விலகாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிட்டால், நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவாகவும், ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும் என்று அது கணிக்கிறது. 4 சதவீதம் ஒரே நாளில் இடிந்து விழுவதில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக, வந்திருக்க வேண்டிய முதலீடு வராமல், திறந்திருக்க வேண்டிய தொழிற்சாலை திறக்காமல் நடக்கும். அதனால்தான் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்வதும் சுலபமாக இருக்கிறது. கொரோனாவும் உக்ரேன் போரும் அதே ஆண்டுகளில் வந்ததால் எது எதன் விளைவு என்று பிரிப்பதும் கடினம். உடனே கண்ணில் பட்டது பவுண் மட்டும்தான். வாக்கெடுப்பு முடிவு வந்த இரவில் டொலருக்கு எதிரான அதன் பெறுமதி 1985க்குப் பிறகு இல்லாத அளவுக்கு விழுந்தது. லண்டனிலிருந்து மாதாமாதம் வரும் காசில் வீடு நடத்திய குடும்பங்கள் இங்கேயும் அதை உணர்ந்தன.

ஆனால் என் பார்வையில் இந்த விலகலின் மிக ஆழமான பாடம் பணத்தில் இல்லை, அயர்லாந்தில் இருக்கிறது. அயர்லாந்துத் தீவில் தெற்கே இருப்பது தனிநாடு, ஒன்றிய உறுப்பு நாடு. வடக்கே இருப்பது பிரித்தானியாவின் பகுதி. நடுவில் சுமார் 500 கிலோமீற்றர் எல்லை. வடக்கு பிரித்தானியாவோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற முப்பது ஆண்டுப் போராட்டத்தில் 3,500 பேருக்கு மேல் இறந்து, 1998இல் பெரிய வெள்ளி உடன்படிக்கையோடு அங்கே சமாதானம் வந்தது. காவலரண்கள் அகன்றன. இன்று வீதியின் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் எல்லை கடந்தோம் என்று தெரியும். இரு நாடுகளும் ஒரே சந்தைக்குள் இருந்ததால்தான் அது இவ்வளவு சுலபமாக முடிந்தது.

பிரித்தானியா சந்தையைவிட்டு வெளியேறினால் எங்கோ ஓரிடத்தில் சரக்கைச் சோதிக்க வேண்டும். எங்கே? நிலத்தில் வைத்தால் பழைய காவலரண்கள் திரும்பும் என்ற அச்சம். எனவே கடலில் வைத்தார்கள். வட அயர்லாந்து சரக்கு விடயத்தில் ஒன்றிய விதிகளின் கீழேயே இருக்கும். பிரித்தானியப் பெருந்தீவிலிருந்து அங்கே போகும் பொருளைத் துறைமுகத்தில் பார்ப்பார்கள். இதனால் சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு சுங்கக்கோடு விழுந்தது. தங்களைப் பிரித்தானியராகவே கருதும் மக்களுக்கு அது பெரும் காயம். அவர்களுடைய பிரதான கட்சி 2022 பெப்ரவரியில் ஆட்சியிலிருந்து வெளியேறியது. மாகாண ஆட்சி இரண்டு ஆண்டு முடங்கியது. 2023இல் விண்ட்சர் ஏற்பாடு என்ற திருத்தம் செய்து, வட அயர்லாந்திலேயே விற்கப்படும் பொருட்களுக்குத் தனிப் பாதை வைத்த பிறகுதான் 2024இல் சபை மீண்டும் கூடியது.

ஒன்றாக இருந்ததைப் பிரிக்கும்போது கோடு எங்கே விழும் என்பது வாக்களித்தவர்களின் மனதில் இருப்பதில்லை. இங்கே இருப்பவர்களுக்கு அதில் அனுபவம் உண்டு. 1988இல் இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கு மாகாணத்தின் தலைமையகம் திருகோணமலையில் இருந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரி 1இலிருந்து இரண்டும் வெவ்வேறு மாகாணங்களாயின. அந்தப் பிரிப்பு சரியா பிழையா என்பது வேறு விவாதம். அது இன்னும் முடியவில்லை. நான் சொல்வது நிர்வாகத்தைப் பற்றி. தீர்ப்பு ஒரு நாளில் வந்தது. அலுவலகங்களையும் ஊழியர்களையும் கோப்புகளையும் பிரிக்க ஆண்டுகள் எடுத்தன. அது ஒரு நாட்டுக்குள், ஒரே சட்டத்தின் கீழ், ஒரே நாணயத்தோடு நடந்த பிரிப்பு. 47 ஆண்டுச் சட்டங்களைப் பிரிப்பது எப்படியிருக்கும் என்று அதிலிருந்து எண்ணிப் பாருங்கள். மீன்பிடியைத் தவிர வேறு பெரிய பிரச்சினை இல்லாத கிரீன்லாந்துக்கே, 1982இல் வாக்களித்த பிறகு ஐரோப்பியச் சமூகத்தைவிட்டு வெளியேற 1985 ஆனது.

இனி உங்கள் பெரியம்மா குடும்பம். இது நம் ஆட்களை நேரடியாகத் தாக்கிய இடம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போனவர்கள் எந்த நாடு அடைக்கலம் கொடுத்ததோ அங்கே இருந்தார்கள்: நெதர்லாந்து, டென்மார்க், ஜேர்மனி, பிரான்ஸ். குடியுரிமை கிடைத்ததும் அவர்களில் பலர் பிரித்தானியாவுக்கு மாறினார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பார்கள், சகோதரங்கள் அங்கே இருக்கிறார்கள், கோயிலும் கடையும் தமிழ்ப் பள்ளியும் பக்கத்தில் இருக்கின்றன என்பதே காரணம். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்தால் போதும். விசா இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, போய் இறங்கி வாடகை வீடு எடுத்து வேலை தேடலாம். லெஸ்டரிலும் ஹரோவிலும் டச்சுப் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பது இப்படித்தான். நோர்வேயும் சுவிற்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் தனி ஏற்பாடுகள் மூலம் அந்த நாட்டவருக்கும் இதே வசதி இருந்தது.

2020 டிசம்பர் 31க்கு முன் பிரித்தானியாவில் வசித்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் அதில் தகுதி பெற்றார்கள். உங்கள் பெரியம்மா அந்தத் திகதிக்கு முன் அங்கே போய் வசித்திருந்தால் அந்த உரிமை அவருக்கும் இருந்திருக்கும். வசிக்கவில்லையென்றால், இப்போது பிரித்தானிய எல்லையில் டச்சுக் கடவுச்சீட்டுக்கும் நம்முடைய கடவுச்சீட்டுக்கும் குடியேற்ற விதி ஒன்றுதான். சுற்றுலாவாகப் போக அவர்களுக்கு விசா வேண்டாம், இணையத்தில் ஒரு முன் அனுமதி போதும். வேலைக்கோ வசிக்கவோ என்றால், தகுதிக்கும் சம்பளத்துக்கும் புள்ளி பார்க்கும் விசா. பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம்.

திருமண விடயத்தில் மாற்றம் இன்னும் பெரிது. முன்பு டச்சுக் குடியுரிமையோடு லண்டனில் வேலை செய்த ஒரு மாப்பிள்ளை, திருகோணமலையில் இருக்கும் மணமகளை ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் அழைக்கலாம். அந்தக் குடும்ப அனுமதிக்குக் கட்டணம் இல்லை. குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்ற நிபந்தனையும் இல்லை. அதே காலத்தில் பிரித்தானியக் குடியுரிமை வைத்திருந்த மாப்பிள்ளை ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. இன்று, 2020க்குப் பிறகு ஏற்பட்ட உறவு என்றால், இருவருக்கும் ஒரே விதி. அந்த வருமான எல்லை 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்ந்தது. ஆங்கிலப் பரீட்சையும் விசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் அதற்கு மேல். சம்பந்தம் பேசுமுன், மாப்பிள்ளை வீட்டார் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று சொல்வதோடு நின்றுவிடாமல், எந்தத் திகதியிலிருந்து எந்தத் தகுதியில் அங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டு, பதிவுத் திருமணம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

மறுபக்கமும் கதவு சிறுத்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு பாரிசுக்குப் போகும் உங்கள் மாமா இப்போது 180 நாட்களில் 90 நாள்தான், ஷெங்கன் எனப்படும், தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில் தங்கலாம். 2025 ஒக்டோபரிலிருந்து விரல் அடையாளம் பதியும் முறையும் படிப்படியாக வந்துவிட்டது. பாரிசின் தமிழ்க் கடைவீதியான லாசப்பலில் வாங்கிய சேலையைப் பார்சலாக லண்டன் தங்கைக்கு அனுப்பினால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். பரிசானாலும் 39 பவுணுக்கு மேல் என்றால் வரி.

விலக வாக்களித்தவர்களில் பலர் எதிர்பார்த்தது குடிவரவு குறையும் என்று. ஐரோப்பியர் வருகை குறைந்தது உண்மை. அந்த இடத்தை நிரப்ப மற்ற நாடுகளுக்கு விசாவைத் தளர்த்தினார்கள்; வந்தவர்களில் போனவர்களைக் கழித்த நிகரக் குடிவரவு 2023 ஜூன் வரையான ஓராண்டில் 9 இலட்சத்தைத் தாண்டியது. பராமரிப்பு வேலை விசாவில் நம் ஊர் இளைஞர்கள் போனது அந்த அலையில்தான். 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தை அழைப்பது நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரை எடுப்பதே நிறுத்தப்பட்டது. இன்னமும் "கெயார் விசா எடுத்துத் தருகிறேன்" என்று இங்கே யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நன்மையே இல்லையா என்றால், உண்டு. சொந்தமாக வர்த்தக ஒப்பந்தம் செய்யும் உரிமை திரும்பியது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் நாடுகளின் கூட்டு, 2025 ஜூலையில் இந்தியா என்று ஒப்பந்தங்கள் வந்தன. அமெரிக்கா 2025இல் பெரும்பாலான நாடுகள் மேல் வரி போட்டபோது பிரித்தானியாவுக்கு 10 சதவீதம், ஒன்றியத்துக்கு அதைவிட அதிகம். தன் சட்டத்தைத் தன் நாடாளுமன்றமே இயற்ற வேண்டும் என்பதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. சிறிய தேசிய இனத்தவருக்கு அந்த ஆசை நன்றாகவே புரியும். ஆனால் பக்கத்து வீட்டுச் சந்தையின் அளவை இந்தத் தூரத்து ஒப்பந்தங்கள் ஈடுசெய்யவில்லை. அதனால்தான் 2025 மே மாதம் லண்டனில் மீண்டும் ஒன்றியத்தோடு பேசி, உணவுப் பொருட்களின் சோதனையைக் குறைக்கும் ஒப்பந்தத்துக்கு இணங்கினார்கள். அதற்கு ஒன்றியத்தின் உணவு விதிகளைப் பின்பற்ற வேண்டும். அந்த விதிகளை எழுதும்போது வாக்கு இல்லை. ஐரோப்பியப் படகுகளுக்குப் பிரித்தானியக் கடலில் மீன்பிடிக்கும் அனுமதியும் 2038வரை நீடிக்கப்பட்டது. விலகல் பிரசாரத்தில் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் மீனவர்கள்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நமக்கு என்ன என்ற கடைசிக் கேள்வி. நம் ஆடைகளுக்கு அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய தனிநாட்டுச் சந்தை பிரித்தானியா. வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை அதுவரை அங்கும் சேர்த்தே இருந்தது. விலகிய பின் பிரித்தானியா தனக்கென்று ஒன்று வைத்து, 2023 ஜூனில் வளரும் நாடுகள் வர்த்தகத் திட்டமாக மாற்றியது. இலங்கைக்குச் சலுகை தொடர்கிறது. ஆனால் முன்பு இங்கிலாந்துக் களஞ்சியத்தில் ஒருமுறை இறக்கிய நம் சேட் அங்கிருந்து டப்ளின் கடைக்கும் போகும். இன்று அது ஒன்றிய எல்லையில் வரி கட்ட நேரிடும், ஏனெனில் அது பிரித்தானியாவில் உருவானதல்ல. வாங்குபவர்கள் களஞ்சியத்தை இரண்டாக்கினார்கள். அந்தச் செலவின் ஒரு பங்கு விலைபேசும்போது நம் தொழிற்சாலைகளின் தலையில் விழுகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேறு நாட்டுத் துணியில் தைத்தால் சலுகை இல்லை என்ற விதி நம்மை நீண்டகாலம் கட்டிப்போட்டிருந்தது. அதைத் தளர்த்துவதாகப் பிரித்தானியா 2025 ஜூலையில் அறிவித்தது. 27 நாடுகள் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்தில் இது இவ்வளவு விரைவாக நடந்திருக்காது. அதே மாதம்தான் இந்திய ஒப்பந்தமும் கையெழுத்தானது. அது திருப்பூர் பனியனுக்கும் பூச்சிய வரி தரும். நமக்கு இருந்த முன்னிலை அங்கே சுருங்கும்.

சலுகை என்பது ஒப்பந்தம் அல்ல, கொடுப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடியது. மனித உரிமை நிபந்தனைகளைக் காட்டி 2010 ஆகஸ்டில் ஒன்றியம் நம்மிடமிருந்து ஜி.எஸ்.பி. பிளஸை எடுத்தது, 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. சட்டவிரோத மீன்பிடியைக் காட்டி 2015இல் நம் மீனுக்குத் தடை போட்டது. பிரித்தானியர் வாக்களித்த அதே 2016 ஜூனில்தான் அது நீங்கியது. அன்று ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் ஒரு முடிவு வந்தால் லண்டனுக்கும் அதுவே முடிவு. இன்று சூரை ஏற்றுமதி செய்பவர் இரண்டு இடத்து விதிகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், இரண்டு இடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒரு கதவு மூடினால் மற்றது திறந்திருக்கலாம் என்ற வசதியும் அதிலேயே இருக்கிறது.